நூலுக்கு அகப்படாத செடி வரிசை

மேஸ்திரி: எந்த வரிசைன்னு காட்டுங்கன்னுதானே கேட்கிறேன். நூல் முனையைப் பிடிச்சுக்கிட்டு கால் மணி நேரமா நிக்கிறேன்.

பெரியவள்: அந்தம்மாகிட்ட கேளுங்க மேஸ்திரி. எனக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சின்னவள்: எனக்கும்தான் கிடையாது. வீட்டுக்கு மூத்த மருமக அவங்க. முதல்ல அவங்களே சொல்லட்டும்.

மேஸ்திரி: சரியாப் போச்சு. நான் சுவர் கட்ட வந்தேனா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தூது போக வந்தேனா?

பெரியவள்: சுவர்தான். பின்பக்கம் முழுக்க ஏழடி உயரம் போடுங்க. அந்தப் பக்கத்து மூஞ்சி தெரியக் கூடாது.

சின்னவள்: எட்டடியாவே போடுங்க. குரலும் கேட்கக் கூடாது.

மேஸ்திரி: போடலாம், போடலாம்... ஆனா உங்க மாமனார் பாகம் பிரிச்சு எழுதின பத்திரத்துல என்ன இருக்கு? 'பெரியவன் பாகத்துக்கும் சின்னவன் பாகத்துக்கும் நடுவில் உள்ள செடி வரிசையே எல்லை.' அவ்வளவுதான். அடியும் இல்ல, அங்குலமும் இல்ல.

பெரியவள்: செடிதான் இதோ இருக்கே.

மேஸ்திரி: செடி இருக்கு. வரிசை எங்க? உங்க பின்படியிலேர்ந்து அவங்க பின்படி வரைக்கும் பாய் விரிச்ச மாதிரி கிடக்கு. இதுல நான் எங்க நூல் கட்டுறது?

சின்னவள்: பரவிடுச்சு.

மேஸ்திரி: பரவிடுச்சா? நான் உங்க படிக்கு ஓடு பதிக்க வந்தப்போ ஒத்தை வரிசையாத்தானே இருந்துச்சு? அதுக்கு ஆறு மாசம்கூட ஆகலயே.

பெரியவள்: புல்லுன்னா பரவத்தானே செய்யும்.

சின்னவள்: புல்லாம். கேளுங்க மேஸ்திரி. இத்தனை வருஷம் இந்த வீட்டுல இருக்காங்க, அதுகூடத் தெரியல. பேருதான் மாண்டோ புல்லு, அது புல்லே கிடையாது. பார்க்க அப்படி இருக்கும். வெயில் மழை எதுக்கும் காயாது, வருஷம் முழுக்கப் பச்சை. ஆனா மிஷின் வெச்சு மட்டும் வெட்டவே கூடாது.

பெரியவள்: மிஷின் வெச்சு வெட்டினது யாருன்னு அந்தம்மாவைக் கேளுங்க. கல்யாணமாகி வந்த மூணாம் மாசம், எல்லாரும் வெளியில போயிருந்த நேரத்துல, வீட்டுக்கு நல்லது பண்றேன்னு புல் வெட்டுற மிஷினை இரவல் வாங்கிட்டு வந்து மொத்தத்தையும் மொட்டை அடிச்சாங்க. நான் வந்து பார்த்தா தரையில வெறும் தட்டை. பழையபடி வர ஒன்றரை வருஷம் ஆச்சு.

சின்னவள்: அந்த ஒன்றரை வருஷமும் ஒரு நாள் விடாம தண்ணி விட்டது யாருன்னும் சொல்லச் சொல்லுங்க.

பெரியவள்: தண்ணியா? குளமே வெட்டினாங்க. மேல் மண்ணு காய்ஞ்சா விட்டாப் போதும், வேர்ல குட்டிக் குட்டிக் கிழங்கா இருக்கு, அதுலயே அது தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கும்னு நான் தொண்டை கிழியக் கத்தினேன். அப்புறம் அடி வெளுத்துப் போச்சு.

சின்னவள்: அடி வெளுத்தது உங்க... அவங்க போட்ட எருவால.

மேஸ்திரி: இருங்க, இருங்க. வானம் மூடிக்கிட்டு வருது. மழை பிடிச்சா அஸ்திவாரம் தோண்ட முடியாது. நான் வேணா இன்னொரு நாள் வந்து...

பெரியவள்: ஒரு சொட்டு வராது. நேத்தும் இப்படித்தான் மூடிச்சு.

மேஸ்திரி: அப்படியா... சரி. வண்டியில கடப்பாரை இருக்கு. எடுத்துட்டு வர்றேன். ரெண்டு பேரும் அடிச்சுக்காம இருங்க.

சின்னவள்: அக்கா...

பெரியவள்: மெதுவாப் பேசு. இன்னும் திரும்பல அவர்.

சின்னவள்: இன்னொரு நாள் வர்றேன்னு அவரே சொன்னாரே. வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா நீங்க?

பெரியவள்: வேகத்துல வந்துடுச்சுடி. காலையிலேர்ந்து சண்டைக்காரி மாதிரியே பேசிட்டு இருக்கேனா, யார் என்ன சொன்னாலும் இல்லேன்னுதான் வருது.

சின்னவள்: நான் எட்டடின்னதும் உங்க முகம் போன போக்கு இருக்கே.

பெரியவள்: நிஜமாவே சொல்றியோன்னு நினைச்சுட்டேன்.

சின்னவள்: ஏழடின்னு ஆரம்பிச்சது யாரு?

பெரியவள்: சரி விடு. இப்போ என்ன பண்றது? இந்த ஆளு விடுற மாதிரி தெரியல.

சின்னவள்: அதைவிட, அங்க பாருங்க. உங்க படிக்குப் பக்கத்துல மூணு செடி சாய்ஞ்சு கிடக்கு. நேத்து நட்டது.

பெரியவள்: நீ நட்டதாத்தான் இருக்கும். நல்லாப் புதைன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

சின்னவள்: கழுத்தைப் புதைச்சா குருத்து அழுகிடும்கா. வேர் மறைஞ்சாப் போதும். எத்தனை தடவைதான் இதுக்கே நாம...

பெரியவள்: வர்றார். மூஞ்சியைத் திருப்பிக்கோ.

மேஸ்திரி: என்ன, பேச்சு சத்தம் கேட்டுச்சே?

பெரியவள்: திட்டிக்கிட்டு இருந்தோம்.

மேஸ்திரி: நல்லது. கொஞ்சம் நகருங்க. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்க்கிறேன். பழைய வரிசைன்னா வேர் ஆழமாப் போயிருக்கும். அதுதான் எல்லை.

சின்னவள்: இலையைப் பிடிச்சு இழுக்காதீங்க.

பெரியவள்: அடியில விரலை விட்டுத் தூக்குங்க.

மேஸ்திரி: அட, இதுல மட்டும் ரெண்டு பேரும் ஒரே கட்சியா... பாருங்க, தொட்டதுமே கையோட வந்துடுச்சு. இதோ, இன்னொண்ணு. இதுவும் வந்துடுச்சு. வேர் முனை கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. இலையும் பாதியாக் கத்தரிச்சிருக்கு.

சின்னவள்: நத்தை தின்னிருக்கும்.

மேஸ்திரி: நத்தை அளவெடுத்துத் தின்னுமா? எல்லாச் செடியும் ஒரே உயரத்துல நிக்குது.

பெரியவள்: எங்க வீட்டு நத்தை அப்படித்தான்.

மேஸ்திரி: பெரியக்கா, என் மச்சான் செடி நர்சரி வெச்சிருக்கான். இந்தச் செடி பரவுற வேகம் எனக்கும் தெரியும். வருஷத்துக்கு நாலு விரக்கடை தாண்டாது. நட்டுட்டுப் பொறுமையா இருக்கிறவங்க மட்டும் வாங்குங்கன்னு சொல்லித்தான் விற்பான். இது ஆறு மாசத்துல பன்னிரண்டு அடி நடந்து போயிருக்கு.

சின்னவள்: மண்ணு அப்படி. நல்ல மண்ணு.

மேஸ்திரி: மண்ணைப் பத்தித்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். இருபத்தஞ்சு வருஷமா செங்கல் வெச்சவன் நான். ஒரு சுவரைப் பார்த்தா எத்தனை பேர் சேர்ந்து கட்டினதுன்னு சொல்லிடுவேன். ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் இருக்கு. இங்க பாருங்க. இந்தச் செடி ஆழமா இறங்கியிருக்கு, சுத்தி நல்லா அமுக்கியிருக்கு. அடுத்தது மேலாக்க இருக்கு, லேசாத் தட்டி விட்டிருக்கு. அதுக்கு அடுத்தது திரும்ப ஆழம். அதுக்கு அடுத்தது மேலாக்க. இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசி வரைக்கும் இப்படியேதான் போகுது.

பெரியவள்: அதனால?

மேஸ்திரி: ரெண்டு பேர் எதிரெதிரா உட்கார்ந்து மாத்தி மாத்தி நட்டிருக்காங்க. அதுவும் சாவகாசமா, கதை பேசிக்கிட்டே. அவசரத்துல நட்டா ஜாண் அளவு இப்படிச் சுத்தமா வராது.

பெரியவள்: கால் மரத்துப் போச்சு. கொஞ்சம் உட்கார்றேன்.

சின்னவள்: அப்படி உட்காராதீங்கக்கா, முட்டி பிடிச்சுக்கும். இந்தாங்க, பலகையைப் போட்டு...

மேஸ்திரி: அக்காவா?

சின்னவள்: வாய் தவறி வந்துடுச்சு.

மேஸ்திரி: பலகையும் தானாவே கைக்கு வந்துடுச்சு போல.

பெரியவள்: போதும்டி. இவர் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது. ஆமாம் மேஸ்திரி, நாங்கதான் நட்டோம். மூணு வாரமா. வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் வேலைக்குக் கிளம்பினதும் வந்து உட்காருவோம். அறுபது குத்து இருந்துச்சு. ஒரு குத்தைத் தோண்டி எடுத்து, மண்ணை உதறி, வேரோட பிரிச்சா எட்டும் வரும், பத்தும் வரும். ஒரு வாளித் தண்ணியில ஊற வெச்சு, இலையைப் பாதியா நறுக்கி...

சின்னவள்: ஜாண் இடைவெளி விட்டு நட்டோம். பழைய வரிசை இருந்த இடம் இப்போ எங்களுக்கே தெரியாது. சத்தியமா.

மேஸ்திரி: அப்போ சண்டை?

சின்னவள்: சண்டை நிஜம்தான். நான் போர்வையைப் பிழியாமக் காயப்போட்டுட்டேன். தண்ணி சொட்டி இவங்க காய வெச்ச துணியெல்லாம் நனைஞ்சு போச்சு.

பெரியவள்: அதுல ஆரம்பிச்சு எது எதுவோ பேசிட்டோம். பேசக் கூடாததும் பேசினேன். நாலு நாள் மூஞ்சி கொடுத்துப் பேசல. அஞ்சாம் நாள் காலையில பார்த்தா, இவ மட்டும் குனிஞ்சு பழுத்த இலையெல்லாம் பிய்ச்சுக்கிட்டு இருக்கா. அதுவும் தப்பா. வெடுக்குன்னு இழுத்தா குருத்தும் கூட வந்துடும். தலை கோதி விடுற மாதிரி விரலை விட்டு வாரணும். பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியல.

சின்னவள்: வந்து என் கையைத் தட்டி விட்டாங்க. அவ்வளவுதான். அதுலயே சண்டை போச்சு.

மேஸ்திரி: அதை வீட்டுக்காரங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே?

பெரியவள்: எந்த முகத்தோட சொல்றது? 'இனிமே ஜென்மத்துக்கும் அவளோட பேச மாட்டேன்'னு அதுக்கு முந்தின நாள்தான் அவர்கிட்ட சபதம் போட்டிருந்தேன். ரெண்டு நாள் போகட்டும்னு நானும் இருந்தேன், இவளும் இருந்தா. ஆம்பளைங்க இருக்கும்போது முறைச்சுக்குவோம், அவங்க போனதும் பேசிக்குவோம். ஆரம்பத்துல ஒரே சிரிப்பா இருந்துச்சு.

சின்னவள்: அதுக்குள்ள சுவர்னு வந்து நிக்கிறாங்க.

பெரியவள்: அண்ணனும் தம்பியும் கலந்து பேசி முடிவு பண்ணிட்டாங்களாம். 'உனக்காகத்தான், உனக்கு நிம்மதியா இருக்கும்'னார் என் வீட்டுக்காரர்.

சின்னவள்: என்கிட்டயும் அதே வார்த்தைதான்.

மேஸ்திரி: அப்பவாவது 'வேண்டாம், நாங்க சமாதானமாயிட்டோம்'னு சொல்லியிருக்கலாமே?

சின்னவள்: சொல்லிடலாம்னுதான் நானும் சொன்னேன். அக்காதான் தடுத்தாங்க.

பெரியவள்: எனக்குப் பயம் மேஸ்திரி. ஒரு ஈரப் போர்வைக்காக யாராவது சுவர் கட்டுவாங்களா? பிரிஞ்சு போகணும்னு அவங்க ரெண்டு பேர் மனசுலயும் எப்பவோ இருந்திருக்கு, எங்க சண்டை ஒரு சாக்குன்னு தோணிச்சு. நாங்க சமாதானம்னு போய்ச் சொல்லி, அதுக்கப்புறமும் சுவர் வேணும்னு அவங்க நின்னுட்டா? அப்புறம் அதை எப்படிக் கேட்காத மாதிரி இருக்கிறது? அதான் எல்லையே இல்லாமப் பண்ணிட்டா கட்ட முடியாதேன்னு...

மேஸ்திரி: இவ்வளவும் நட்டிருக்கீங்களே, அவங்க பார்க்கலயா?

சின்னவள்: பார்த்தாங்க. 'பரவிடுச்சா?'ன்னு கேட்டாங்க. 'ஆமா'ன்னோம். பேசாம உள்ள போயிட்டாங்க.

பெரியவள்: காலையில கதவைத் திறந்தா இவ எதிர்ப்படியில உட்கார்ந்திருப்பா. பதினொரு வருஷமா அப்படித்தான் எனக்குப் பொழுது விடியுது. அந்த இடத்துல செங்கல் நின்னா எனக்குத் தாங்காது மேஸ்திரி.

சின்னவள்: அழாதீங்கக்கா. அவர் முன்னாடி எதுக்கு...

பெரியவள்: நான் எங்கடி அழுறேன். நீதான் அழுறே.

மேஸ்திரி: ரெண்டு பேருமே கண்ணைத் துடைங்க. பிடுங்கின செடியைத் திரும்ப வெச்சுட்டேன், பாருங்க. கழுத்தைப் புதைக்கல.

சின்னவள்: எங்களைக் காட்டிக் கொடுத்துடாதீங்க மேஸ்திரி. சாயங்காலம் அவங்க வந்து கேட்டா என்ன சொல்லப் போறீங்க?

மேஸ்திரி: என்னத்தைச் சொல்ல... போன வாரம் உங்க வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில என் வீட்டு வாசல்ல வந்து இறங்கினாங்க. 'பொம்பளைங்க ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்க மாட்டேங்கிறாங்க, அவங்களுக்காக சுவர்னு சொல்லிட்டோம், எங்களுக்குத் துளிகூட மனசில்ல. நீயே வந்து பார்த்து, அவங்க நம்புற மாதிரி ஒரு காரணம் சொல்லி, இங்க கட்ட முடியாதுன்னு சொல்லிடு'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஏழடி, எட்டடின்னு நீங்க நிக்கிற வேகத்தைப் பார்த்துட்டு, வந்ததுலேர்ந்து அந்தக் காரணத்தைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்.