காலரை மட்டும் மாற்றுங்கள்

அவைக்குத் தலைமை ஏற்று, என் பேச்சு நீளுமோ என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே! என்னை அறுத்தும் தைத்தும் அனுப்பிவைத்த மருத்துவர் அம்மா அவர்களே! முழங்கால் வலியிலும் முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற அரைச் சந்தேகத்தோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே! அனைவருக்கும் இந்தத் தையல்காரியின் தலைதாழ்ந்த வணக்கம்.

தையல்காரி என்றதும் அங்கே நாலு பேர் முறைக்கிறீர்கள். தெரியும், தெரியும்! உங்கள் துணி நாளைக்குக் கண்டிப்பாகக் கிடைக்கும்.

சிரிக்கிறீர்கள்! அந்த 'நாளைக்கு'தான் என் உயிரைக் குடிக்கப் பார்த்தது. ஐந்தாண்டுகளுக்கு முன் இந்த மருத்துவர் அம்மா தம் வெள்ளைக் கோட்டோடு என் கடைக்கு வந்தார். "கோட்டு நல்லாத்தான் இருக்கு. காலர் மட்டும் நைஞ்சு போச்சு, மாத்திக் கொடும்மா" என்றார். "நாளைக்கு வாங்க டாக்டர்" என்றேன். வந்தார். "நாளைக்கு" என்றேன். மூன்றாம் முறை வந்தபோது, மாதவிலக்கு இல்லாத நாளிலும் இரத்தம் படுகிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவைத்தேன். அவர் முகம் மாறியது. "உடனே பரிசோதனைக்கு வா" என்றார். நான் என்ன சொல்லியிருப்பேன்? ஆம், அதேதான்! "நாளைக்கு வரேன் டாக்டர்!"

விட்டாரா? துணி வெட்டும் பலகைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "நீ கடையைப் பூட்டு. கூட்டிட்டுப் போகத்தான் உட்கார்ந்திருக்கேன்."

கருப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். தொடக்கநிலைதான். ஆனால் எனக்கு வயது முப்பத்தொன்று. மடியில் ஒரு மழலை இல்லை. வாழவும் ஆசை, தாயாகவும் ஆசை. எதை விடுவேன், எதைப் பிடிப்பேன்? ஊரையே பேருந்தில் சுற்றி வரும் ஓட்டுநரான என் வீட்டுக்காரர், அன்று வாசலுக்கு வழி தெரியாமல் நின்றார். என் மாமியார்தான் வாய் திறந்தார்: "பிள்ளை இல்லாட்டி போகட்டும்டி. எனக்கு நீ வேணும். மொத்தமா எடுத்துடச் சொல்லு."

என்ன அத்தை, கண்ணைத் துடைக்கிறீர்களா? மேடையில் மருமகள் மானத்தை வாங்காதீர்கள்!

அப்போது மருத்துவர் கேட்டார்: "உன்கிட்ட கோட்டைத் தூக்கிப் போடச் சொன்னேனா? காலரைத்தானே மாத்தச் சொன்னேன்! கட்டி சின்னது, பரவலை. கருப்பை வாயை மட்டும் எடுத்துட்டு, கருப்பையை விட்டுடலாம்." தொழில் புத்தி போகுமா? "ஓரம் எவ்வளவு விட்டு வெட்டுவீங்க டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அதுதாம்மா முக்கியம். நீ மேசையில இருக்கும்போதே ஓரத்தைச் சோதிப்போம். அங்கேயும் நோய் இருந்தா, கருப்பையையும் எடுத்துடுவேன். சம்மதமா?"

கையெழுத்துப் போட்டேன்.

கண் விழித்ததும் செவிலியிடம் ஒரே சொல்தான் கேட்டேன்: "ஓரம்?"

"சுத்தமா இருக்கும்மா."

அந்தக் கணம் நான் அழுத அழுகை என் கல்யாணத்தில்கூட அழவில்லை!

தாய்மார்களே, இந்தச் சிகிச்சை எல்லாருக்கும் பொருந்தாது. கட்டி சிறிதாய், பரவாமல், காலத்தோடு கண்டுபிடிக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நான் பரிசோதனைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறேன். காத்திருக்க நமக்குத் தெரியும், நோய்க்குத் தெரியுமா? வெட்கத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்! கணவர் கேட்டால் காரணம் சொல்லுங்கள், மாமியார் கேட்டால் கையோடு அழைத்து வாருங்கள்! நாளைக்கல்ல, தாய்மார்களே, இன்றைக்கு!

யார் அது, என் பேச்சைவிட உரக்க அழுவது? அவள்தான்! கருப்பையின் அடியில் மருத்துவர் போட்ட தையலின் பலத்தில் எட்டு மாதம் இருந்து, அறுவைச் சிகிச்சையில் வெளியே வந்த என் மகள். அந்தத் தையல் பிரியவே இல்லை. என் தையலைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்க வேண்டாம்.

மருத்துவர் அம்மா, கொஞ்சம் எழுந்து வாருங்கள். இந்தப் பையில் உங்கள் கோட்டு இருக்கிறது. ஐந்தாண்டுத் தாமதத்துக்கு மன்னியுங்கள். காலரை மட்டும்தான் மாற்றியிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.