நான் கையெழுத்திடாத பத்தொன்பது நாட்கள்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் நம் வந்தோர் சங்கத்தின் துணைத்தலைவர் அவர்களே, மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் மேற்பார்வையாளர் அவர்களே, நம்மில் பலருக்காக வாதாடிய வழக்கறிஞர் அம்மையார் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அண்ணி அவர்களே, அண்ணனின் அருமை மகளே, நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நம் சங்கத்தின் நிறுவனத் தலைவர், மதிப்பிற்குரிய நெட்டையண்ணன் அவர்கள் மறைந்து இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. எனக்கு முன் பேசிய ஏழு பேரும் அவரை மலை என்றார்கள், விளக்கு என்றார்கள், குடை என்றார்கள். எல்லாம் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மனிதரோடு ஒரே கப்பலில் வந்தவன், ஒரே கூடத்தில் ஈரத்துணி சுமந்தவன், ஒரே தெருவில் குடியிருந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். நாற்பத்தேழு ஆண்டுகள் நான் அவர் மேல் பொறாமைப்பட்டேன்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சபை நாகரிகத்துக்காக நான் அடக்கிச் சொல்வதாக நினைக்கிறீர்கள். இல்லை. சாதாரணப் பொறாமை இல்லை அது. சோறு இறங்காத பொறாமை.

எப்போது தொடங்கியது தெரியுமா? துறைமுகத்தில். அவருக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபது. நம்மை ஆண்டவர்கள் நம் நாட்டை விட்டுக் கிளம்பிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர்களுடைய ஊர் மருத்துவமனைகளுக்கும் ஆலைகளுக்கும் ஆள் பற்றவில்லை. வாருங்கள், நீங்களும் எங்கள் மக்கள்தான் என்று நம் தெருச் சுவர்களிலெல்லாம் தாள் ஒட்டினார்கள். வந்தோம். அந்தக் காலத்தில் நமக்கு அனுமதிச் சீட்டு கிடையாது. இறங்குகிற இடத்தில் பதிவேட்டில் பெயர் எழுதினால் போதும்.

நான் பள்ளிக்கூடத்தில் அவர்கள் மொழியில் முதல் பரிசு வாங்கியவன். அதிகாரி என்ன கேட்டால் என்ன சொல்வது என்று பதினாறு நாள் கடலில் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் நெட்டையண்ணன். எத்தனை நாள் தங்கப்போகிறாய் என்று அதிகாரி கேட்டார். வினைச்சொல் ஒரு பக்கம், எழுவாய் ஒரு பக்கம் என்று உடைந்துபோன மொழியில் இவர் பதில் சொன்னார்: நீங்க எங்க ஊர்ல இருந்ததுல பாதி நாள் இருந்தாப் போதும் சார்.

திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த அதிகாரியோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த சிரிப்பில் பதிவேட்டைக்கூட நகர்த்தவில்லை. போ போ என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டார். அடுத்து நான். இலக்கணச் சுத்தமாக மூன்று வாக்கியம் சொன்னேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பெயரை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அண்ணனிடம், “நீங்க சொன்னதுல வினைச்சொல் தப்பு” என்றேன். அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். “சரிடா காப்புள்ளி” என்றார். அன்று முதல் நான் காற்புள்ளி. இங்கே எத்தனை பேருக்கு என் சொந்தப் பெயர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம். என் மனைவி ஒருத்திதான்!

சலவைக்கூடத்தில் எங்கள் இருவரையும் ஈரப்பக்கத்தில் போட்டார்கள். எழுத்தர் வேலை கேட்டு நான் நான்கு முறை விண்ணப்பித்தேன். நான்கு முறையும் என் எழுத்தைப் பாராட்டிவிட்டு, போய்ப் படுக்கை விரிப்புகளைப் பிழி என்றார்கள். ஆண்டவர்களின் மொழியை அவர்களைவிட நன்றாக எழுதினால் அவர்கள் நம்மை மதிப்பார்கள் என்று நம்பியவன் நான். அண்ணன் அப்படி எதையும் நம்பவில்லை. அதனால் அவருக்கு ஏமாற்றமும் இல்லை. அதற்கும் பொறாமைப்பட்டேன்!

ஒரு நாள் விரிப்பு இழுக்கும் சூட்டு உருளையில் ஒரு பெண்ணின் விரல்கள் மாட்டிக்கொண்டன. அவளை வெளியே தூக்கிப் போனார்கள். ஐந்தே நிமிடத்தில் முன்னாள் மேற்பார்வையாளர் உருளையை மறுபடி ஓட்டச் சொன்னார். அண்ணன் போய்ச் சிவப்புக் கைப்பிடியை இழுத்து நிறுத்தினார். துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். “இதுக்கு ஒரு தடுப்பு வைக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்” என்றார். அறுபது பேர் வரிசையாக அறுபது கூடையைக் கவிழ்த்தார்கள். மூன்றாம் நாள் தடுப்புக் கம்பி வந்தது.

அந்த மூன்று நாளும் நிர்வாகத்துக்குப் போன கடிதங்களை எழுதியது யார்? நான்! ஒவ்வொன்றையும் நான்கு தடவை திருத்தியது யார்? நான்! வெற்றி வந்ததும் தோளில் தூக்கியது யாரை? அவரை. தூக்கின வேகத்தில் அவர் தலை நீராவிக் குழாயில் இடித்தது. சபையோர் மன்னிக்க வேண்டும், எனக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வீட்டிலும் அதே கதைதான். என் மனைவி ஒரு முறை சொன்னாள்: “அவர் வந்தா வீடே சிரிக்குது. நீங்க வந்தா வீடே நிமிர்ந்து உட்காருது.” என் மகன் பொறியியல் தேறியபோது முதலில் யாருக்குத் தொலைபேசினான்? பெரியப்பாவுக்கு. எனக்குச் சொன்னது பெரியப்பா!

இனிச் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணி, நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மகளே, நீயும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் புதிய சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாருங்கள் என்று தாள் ஒட்டி அழைத்தவர்கள், நீ எப்போது வந்தாய், தாள் எங்கே என்று கேட்டார்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் ஆதாரம். இல்லாவிட்டால் வேலை இல்லை, மருத்துவம் இல்லை, மூட்டை கட்டு. அறுபது வயதில் எந்த ஊருக்கு? யார் இருக்கிறார்கள் அங்கே?

அண்ணன் அலைந்தார். பழைய பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளைத் தேடினார். மூடிப்போன ஆலைகளின் வேலைமுறைத் தாள்களைத் தேடினார். பல் மருத்துவரின் அட்டையைக்கூட விடவில்லை. எத்தனையோ பேரின் வாழ்க்கையைத் தூசுக்குள்ளிருந்து தட்டி எடுத்துக் கொடுத்தார். கடைசியில் அவருக்கே கடிதம் வந்தது. சிரித்த அதிகாரி அவர் பெயரை எழுதவில்லை அல்லவா? பதிவேட்டில் அவரே இல்லை! அதே நாளில் வந்து இறங்கிய ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டும் என்றார் வழக்கறிஞர். அந்தக் கப்பலில் வந்தவர்களில் இங்கே மிஞ்சியிருந்தது நான் ஒருவன்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் குனிந்து, வழக்கம்போல் தலையைக் காப்பாற்றிக்கொண்டு உள்ளே வந்தார். தாளை மேசையில் வைத்தார். “காப்புள்ளி, உன் கையெழுத்து ஒண்ணு வேணும்டா” என்றார்.

நாற்பது ஆண்டுகளில் அவர் எனக்காக என்று என்னிடம் கேட்ட முதல் உதவி அது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? பேனாவை எடுத்திருக்க வேண்டாமா? “வெச்சுட்டுப் போங்க, படிச்சுப் பார்க்கிறேன்” என்றேன்.

அவர் போன பிறகு அந்தத் தாளை இழுப்பறையில் வைத்தேன். படிக்க அதில் ஒன்றுமில்லை, அரைப் பக்கம். ஆனால் எனக்கு இனித்தது! மலை என்கிறீர்களே, அந்த மலை என் இழுப்பறைக்குள் கிடந்தது. தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் ஒரு கேள்வி இருந்தது. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்கட்டும், இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நான் காத்திருந்தேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலையில் வீட்டுக்கு ஆட்கள் வந்து அவரை அழைத்துப் போனார்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள தடுப்பு இல்லத்தில் வைத்தார்கள். அண்ணி அழுதுகொண்டே எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்கள். நான் என்ன செய்தேன்? உள்ளறையில் போர்த்திப் படுத்துக்கொண்டேன். அப்போதும் கையெழுத்திடவில்லை! இப்போது இட்டால் இத்தனை நாள் ஏன் இடவில்லை என்று கேட்பார்களே என்ற பயம். பொறாமையில் தொடங்கியதைக் கோழைத்தனம் கையில் எடுத்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நாள் என் மனைவி கத்தரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தாள்.

“இது என்ன?”

“அது... படிச்சுட்டு...”

“படிச்சுட்டா? அரைப் பக்கத்தையா? அங்க ஒரு மனுஷன உள்ள வெச்சிருக்காங்க, நீங்க படிச்சுக்கிட்டிருக்கீங்களா?”

பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். “போடுங்க. இல்லன்னா இப்பவே அவங்க வீட்டுக்குப் போய் நானே சொல்லிடறேன்.”

போட்டேன்.

விசாரணை நடந்த அறையில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. நீதிபதி என்னிடம், இவர் அந்த நாளில்தான் வந்தார் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்னேன். கப்பலில் அவர் படுக்கை எண்ணைச் சொன்னேன். இறங்கும்போது போட்டிருந்த பச்சைச் சட்டையைச் சொன்னேன். அதில் இரண்டாவது பொத்தான் இல்லை என்று சொன்னேன். எந்த ஆண்டு எந்த உருளையில் நின்றார், எந்த மாதம் எந்த மேடையில் கைதட்டல் வாங்கினார் என்று நாற்பது ஆண்டையும் தேதியோடு சொன்னேன். அரசாங்க வக்கீல் எழுந்தார். “ஒரு நண்பரைப் பற்றி இவ்வளவு யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க. சொல்லிக் கொடுத்தது மாதிரி இருக்கு” என்றார்.

வேறு வழியே இல்லை. “நண்பர் இல்லை ஐயா, எனக்கு இவர் மேல பொறாமை. அதனால எதுவும் மறக்கல” என்று சொல்லிவிட்டேன். அவர்கள் மொழியில், இலக்கணச் சுத்தமாக. நீதிபதி பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கினார்.

அன்று மாலையே விட்டார்கள். முப்பத்தொரு நாள் உள்ளே இருந்திருக்கிறார். அந்த முப்பத்தொரு நாளுக்குள், மகளே, உனக்குக் குழந்தை பிறந்தது. கூட இருப்பேன் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அவர் இல்லாமலே பெயர் வைத்தீர்கள். நான் அந்தச் சனிக்கிழமையே கையெழுத்திட்டிருந்தால் அவர் பிரசவ அறை வாசலில் நின்றிருப்பார். என் பேத்திகள் பிறந்தபோது நான் நின்றேன். அவர் நிற்கவில்லை.

அவருக்குத் தெரியாமல் இருக்குமா? தாளில், அதை என்னிடம் கொடுத்த தேதியும் இருந்தது, நான் கையெழுத்திட்ட தேதியும் இருந்தது. வெளியே படிக்கட்டில் இறங்கும்போது இரண்டையும் பார்த்தார். நான் தலை குனிந்து நின்றேன். “பத்தொன்பது நாளா? உன்னை மாதிரி எழுத்துப்பிழை பார்க்கிறவனுக்கு அது சீக்கிரம்தான்டா” என்றார். என் தோளில் கையை வைத்து, என்னைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை இறங்கினார். அவ்வளவுதான். கடைசிவரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் வீட்டில் வேறு சொல்லியிருக்கிறார். எனக்குக் கடும் காய்ச்சல், படுத்த படுக்கை, அதனால்தான் தாமதம் என்று. மறுநாள், அண்ணி, இன்னும் உடம்பு தேறியிருக்காது என்று நீங்கள் எனக்கு மாத்திரையும் சாப்பாடும் கொடுத்தனுப்பினீர்கள். நான் வாங்கிச் சாப்பிட்டேன். அண்ணி, எனக்குக் காய்ச்சல் இல்லை.

என்னால் அவரை மன்னிக்க முடியாது, பெருமக்களே! நான் மன்னிப்புக் கேட்பதற்குள் மன்னித்துவிட்டார். அதிலும் என்னை முந்திக்கொண்டார். கத்தியிருக்கக் கூடாதா? நாலு பேர் முன்னால் என்னை அவமானப்படுத்தியிருக்கக் கூடாதா? அப்படிச் செய்திருந்தால் நாங்கள் சரிக்குச் சரி ஆகியிருப்போமே! இந்தக் கூட்டத்தைப் பார்த்தும் இப்போது எனக்குப் பொறாமைதான். நான் போனால் இந்த மண்டபத்தில் பாதி நிறையுமா? பதில் சொல்ல வேண்டாம்.

அண்ணி, மகளே, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க நான் இங்கே வரவில்லை. நீங்கள் இனி என்னோடு பேசாவிட்டால் அது நியாயம். தெரிந்துகொண்டு பேசாமல் இருங்கள், தெரியாமல் பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அண்ணன் விட்டுப்போன கோப்புகளை நேற்று சங்க அறையில் உட்கார்ந்து பார்த்தேன். இன்னும் ஒன்பது பேருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒன்பது பேரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறீர்கள். உங்கள் முன்னால், என் மனைவி சாட்சியாக, வாக்குக் கொடுக்கிறேன். இனி என் மேசைக்கு வரும் எந்தத் தாளும் அங்கே ஒரு நாள்கூடத் தங்காது. கடிதம் எழுத வேண்டுமா, எழுதுகிறேன். சாட்சி சொல்ல வேண்டுமா, வருகிறேன். உங்களில் பலர் வந்த தேதி எனக்குத் தெரியும். ஒவ்வொருவர் மேலும் ஏதோ ஒரு காரணத்துக்காக நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

நெட்டையண்ணன் அவர்கள் இந்த மண்ணில் நிலைக்கவைத்த மனிதர்கள் நாற்பத்து மூன்று பேர். நேற்றுதான் எண்ணினேன். நான் நாற்பத்து நான்கு பேரை நிலைக்கவைக்காமல் சாகப்போவதில்லை!

கூட்டம் முடிந்ததும் யாரும் உடனே கிளம்பிவிட வேண்டாம். கதவோரம் ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை விசாரணை இருக்கிற தையற்கார அம்மா, உங்கள் தாளை எடுத்துக்கொண்டு முதலில் வாருங்கள்.