தட்டு மாறிய ஸ்லைடு

— அதாவது, அஞ்சு மணி வரைக்கும் ஆஸ்பத்திரி லேப்ல நின்னுட்டு, அப்புறம் வீட்டுல ஆன்லைன்ல எம்.எஸ்ஸி. படிக்கப் போறே. நாற்பத்து மூணு வயசுல.

— ஆமாங்க. விண்ணப்பம் அனுப்ப இன்னிக்குத்தான் கடைசி. நீங்க சரின்னா அனுப்பிடுவேன்.

— நான் என்ன சொல்றேன்னா, பஸ் ஓட்டிட்டு வந்து நானே காலை நீட்டிப் படுத்துடறேன். உனக்கு மட்டும் இரும்பு உடம்பா? பதினெட்டு வருஷமா ரத்தம் பார்க்கறே. இன்னும் என்ன தெரியணும்?

— ஒண்ணு கேளுங்களேன். மாதிரி வகுப்புன்னு ஒண்ணு போட்டிருந்தாங்க. துணி மடிச்சுக்கிட்டே பார்த்தேன். அந்தப் பேராசிரியர் ஒரு படம் காட்டினார். ரத்தப் புற்றுநோய்ல கெட்டுப்போன வெள்ளணு, உள்ளே கட்டு கட்டா ஊசி மாதிரி கோடு. இவ்வளவு ஆரம்பத்துலயே இதைக் கண்டுபிடிச்சவர் பெரிய நிபுணரா இருக்கணும்னார்.

— சரி.

— ரத்தம் தடவின அந்தக் கண்ணாடி ஸ்லைடு ஓரத்துல பென்சில்ல நம்பர். என் கையெழுத்துங்க. மடிச்ச சட்டை கையிலிருந்து விழுந்துடுச்சு.

— நீ பார்த்த ஸ்லைடா?

— ஆமா. எங்க டாக்டர் அனுப்பி வெச்சிருப்பார்.

— அடியே. உன் ஸ்லைடை வெச்சு உலகத்துக்கே பாடம் நடத்தறாங்க, நீ அங்க போய் மாணவியா உட்காரணுமா? பாரு, எனக்குப் புல்லரிக்குது.

— நிபுணரும் இல்ல, ஒண்ணும் இல்ல. மெஷின் சந்தேகப்பட்ட ரத்தம் ஒரு தட்டு, சரின்னு விட்டது ஒரு தட்டு. சரின்னு விட்டதை நாங்க பார்க்கவே மாட்டோம். அன்னிக்குத் தட்டு மாத்திச் சாயம் ஊத்திட்டேன். ஊத்தினது வீணாப் போகுதேன்னுதான் மைக்ராஸ்கோப்ல கண்ணை வெச்சேன்.

— அப்போ, மாத்தலேன்னா?

— அந்த ஆள் காய்ச்சல் மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு வாரம் தாங்கியிருக்காது. ஒரு உயிர் என் கவனக்குறைவால பிழைச்சிருக்கு. அடுத்த ஆளுக்கும் நான் தப்பு பண்ணுவேன்னு என்ன நிச்சயம்? மெஷின் ஏன் விட்டுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.

— அம்மாடி. அந்த ஆள் இப்ப இருக்காரா?

— நல்லா இருக்கார். டாக்டர் கண்டுபிடிச்சார்னு நினைச்சிட்டிருக்கார்.

— போய்ச் சொல்லு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுவார்.

— அவர்கிட்டதான் இப்பச் சொல்லிட்டிருக்கேன். முன்னாடியே சொன்னா ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அதையே நினைச்சுக்கிட்டு ஓட்டுவீங்கன்னுதான், ஒன்பது வருஷமா வாயைத் திறக்கல.