நகர்த்தி வைத்த கோப்பு

விளக்கை அணைத்தாயிற்றா? சரி, நெருங்கி உட்காருங்கள். மணி பன்னிரண்டு... ராத்திரி இல்லை, பகல். ஊரை விட்டு வெளியே போகிற சாலை. உச்சி வெயில். ஒரு காக்காய்கூட இல்லை. அந்தச் சாலையில் தூங்கி வழிந்துகொண்டே காரை ஓட்டிப் போனவர் என் சிநேகிதியின் அத்தான். கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர். இரண்டு நாளாகக் கண் மூடவில்லை. வேறொரு வேலையை முடித்து வீட்டில் போய் விழலாம் என்றிருந்தவரை வழியிலேயே போனில் பிடித்துவிட்டார்கள்.

கூப்பிட்டது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. விடியற்காலையிலிருந்து அங்கே ஒரு போன்கூட அடிக்கவில்லை. யார் எங்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாலும் இங்கே தெரியாது. போன்களை இணைக்கிற மெஷினின் நெளிவு சுளிவு தெரிந்தவர் தாடிக்காரர் ஒருவர்தான். அவரும் அன்று விடியற்காலையில் வீட்டில் செத்துக் கிடந்தார்... கையில் போனோடு.

அறையில் ஏசியின் உறுமல். தாடிக்காரர் தேய்த்துக்கொள்ளும் தலைவலித் தைலத்தின் வாசனை நாற்காலியில் இன்னும் இருந்தது. அத்தானுக்கு அதில் உட்காரவே பிடிக்கவில்லை, ஆனால் நிற்கத் தெம்பில்லை.

லினக்ஸில் ஓடுகிற மெஷின். அதற்குள் ஒரு காவல் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை இருக்கும். முத்திரை தப்பென்றால், எந்த ப்ரோகிராமையும் கோப்பைத் தொட விடாது அந்தக் காவல். போன்களை இணைக்கிற நெட்வொர்க் தன் கோப்பைப் படிக்கப் போகிறது... அனுமதி மறுப்பு. மறுபடி போகிறது... மறுப்பு. என்ன ஆயிற்றென்றால், தாடிக்காரர் முந்தின ராத்திரி அந்தக் கோப்பைத் தன் சொந்த ஃபோல்டரில் எழுதி, நகல் எடுத்துப் புது இடத்தில் வைக்காமல் அப்படியே நகர்த்திவிட்டார். நகர்த்தினால் பழைய இடத்து முத்திரையும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். அதில் 'வீடு' என்று இருந்தது, சொந்த ஃபோல்டருக்கு மெஷின் வைத்த பெயர் அது.

"அசதியில எல்லாரும் பண்றதுதான்," என்றார் அத்தான்.

போன் எடுக்கிற பெண் மெதுவாகச் சொன்னாள். "சாகறப்போ நம்மளத்தான் கூப்பிட்டிருப்பாரு சார். இங்கதான் அடிக்கல."

அத்தான் முத்திரையை மாற்றினார். நெட்வொர்க்கைக் கிளப்பினார். மறுப்பு. பார்த்தால் மறுபடியும் 'வீடு'. திரும்ப மாற்றினார். திரும்ப 'வீடு'. மெஷினுக்குள் அப்போது நுழைந்திருந்தது அவர் ஒருவர்தான். கண் எரிந்தது, மூளை ஓடவில்லை. கடைசியில், இந்தத் தொழிலில் செய்யவே கூடாததைச் செய்தார். பார்த்துக்கொண்டு மட்டும் இரு, யாரையும் தடுக்காதே என்று காவலுக்குச் சொல்லிவிட்டார்.

டிக்... டிக்... வரிசையாகப் பச்சை விளக்கு. உடனே ஒரு போன். அந்தப் பெண் எடுத்தாள். முகம் வெளிறிவிட்டது.

"தாடி சார் வீட்டு நம்பர்..."

"யாரு பேசறா?"

"பேசல. மூச்சு மட்டும் வாங்குது."

அழைப்பு வந்தால் வண்டி போயாக வேண்டும். போனது. உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, திரும்பி வருகிறேன் என்றார் டிரைவர். வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே யாருமில்லை. ஆனால் ஸ்ட்ரெச்சரின் பெல்ட்டுகள் மூன்றும் இறுகப் பூட்டியிருந்தன. குப்பென்று தைல வாசனை.

அத்தான் உள்ளே ஓடினார். திரையைப் பார்த்தார். காவல் மறுபடியும் தடுக்கும் நிலையில் இருந்தது. கோப்பின் முத்திரை சரியாக இருந்தது. போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. யார் செய்தது? பாவம், மனிதர் தன் தப்பைச் சரிசெய்யத்தான் வந்திருக்கிறார் என்று அத்தானுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். வீட்டுக்குப் போய் அடித்துப்போட்டதுபோல் தூங்கினார்.

இப்போது அந்த மெஷினை அத்தான்தான் பார்த்துக்கொள்கிறார். அதன் பிறகு ஒரு மறுப்புகூட வந்ததில்லை. ஆனால்... உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று மெஷினைக் கேட்டால் எப்போதும் இரண்டு பெயர் காட்டுகிறதாம். ஒன்று அத்தான். இன்னொன்று தாடிக்காரர். பெயருக்கு நேரே, அவர் கடைசியாக விசையைத் தட்டி எவ்வளவு நேரமாயிற்று என்றும் காட்டும்.

இன்றுவரை அது ஒரு நொடியைத் தாண்டியதில்லை.