ஒன்பது மணிக்குள் ஒரு ஜெனரேட்டர்

— டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி எதுவும் வேண்டாம் ஈஸ்வரபாண்டிண்ணே. ஒரே ஒரு மெசின் ஓடணும். முந்நூத்தம்பது வாட்ஸ்.

— ஒத்த மெசினுக்கா ஜெனரேட்டரு? போன வாரம் மயிலாடும்பாறைக்காரர் ஒருத்தர் வாங்கிட்டுப் போனாரு தங்கச்சி. சீரியல் செட்டு, மைக் செட்டு, கிரைண்டரு எல்லாத்தையும் மாட்டிவிட்டு, மாப்பிள்ளை வந்து இறங்குற நேரத்துல கல்யாண வீடே இருட்டு. ஆயிலே ஊத்தலை மனுசன். நீங்க என்னடான்னா வாட்ஸ் கணக்கோட வந்து நிக்கிறீக.

— அப்பாவுக்கு ஆக்சிஜன் மெசின்ண்ணே. நுரையீரல் கெட்டுப்போச்சு. மூக்குல குழாய் மாட்டினாத்தான் மூச்சு விட முடியும். நாளைக்கு எங்க ஊர்ல மாதாந்திர ஷட்டவுன். காலையில ஒம்பதுல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் கரண்டு இருக்காது.

— எந்த ஊரு?

— ஓடைப்பட்டி. மாதா கோயில் தெரு.

— இன்வெர்ட்டரு இல்லையா?

— இருக்கு. பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கலை. புதுசு செவ்வாய்க்கிழமைதான் வருமாம். ஆக்சிஜன் சிலிண்டர் குடுக்கிறவுகளும் செவ்வாய்க்கிழமைங்கிறாக. இது நாலாவது கடைண்ணே.

— சரி, சரி. முதல்ல உக்காருங்க.

— இருக்கட்டும், நிக்கிறேன். அந்த மெசின் ஸ்டார்ட் ஆகும்போது ரெண்டு மடங்கு இழுக்கும். ஆயிரம் வாட்ஸ் போதுமா, ரெண்டாயிரம் வேணுமா?

— என் பேச்சைக் கேளுங்க, ரெண்டாயிரமே எடுத்துக்கிடுங்க. முக்கி முக்கி ஓடுறது சீக்கிரம் படுத்துரும். இந்தச் செவப்பைப் பாருங்க. கயிறை ரெண்டு இழுப்பு இழுத்தாப் பிடிச்சுக்கிடும்.

— கயிறு வேண்டாம். கீ ஸ்டார்ட்தான் வேணும்.

— யாரு போடப் போறா?

— அப்பாவேதான். எனக்கு ஸ்கூல்ல பரீட்சை டியூட்டி, லீவு கிடைக்கலை. அம்மாவை அப்பாதான் சுருளிப்பட்டிக்கு, சித்தி வீட்டுக்குப் போயிட்டு வரச் சொல்லிட்டாக. ‘ரெண்டு வருசமா என்னைப் பாத்துப் பாத்து ஓஞ்சுபோயிட்டா, ஒரு நாளாவது போயிட்டு வரட்டும்’னு சொன்னாக.

— தங்கமான மனுசன்.

— சத்தம் எத்தனை டெசிபல் வரும்ண்ணே?

— இத்தனை வருசத்துல அதைக் கேட்ட முத ஆளு நீங்கதான். பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வர மாட்டான், அம்புட்டுத்தான் எனக்குத் தெரியும். என்ன படிச்சிருக்கீக?

— பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. டேங்க் ரொப்பினா எத்தனை மணி நேரம்?

— ஆறு மணி நேரம் தாராளமா ஓடும்.

— அப்ப மூணு மணி வரைக்கும். நான் அதுக்குள்ள வந்துருவேன். பில் போட்டுருங்கண்ணே. பெனிட்டான்னு.

— பதறாதீக. இப்பவே ஆட்டோவுல ஏத்தி நானே வந்து மாட்டிக் குடுக்கிறேன். எங்கன வைக்கப் போறீக? வாசல்லயா, கொல்லையிலயா?

— உள்ளதான். அப்பா ரூம்ல, கட்டிலுக்குப் பக்கத்துல. கை எட்டுற தூரத்துல சாவி இருக்கணும்னாக.

— உள்ளயா?

— வெளிய வச்சா யாராவது தூக்கிட்டுப் போயிருவாகளாம். திராட்சைத் தோட்டத்துல மருந்தடிக்கிற வாடை வருதுன்னு ஜன்னலையும் அட்டை வச்சு அடைக்கச் சொன்னாக. நேத்தே அடைச்சுட்டேன்.

— தங்கச்சி, கணக்குப் பாக்குற அந்த செல்போனைக் கீழ வைங்க. இங்க பாருங்க. அடைச்ச ரூமுக்குள்ள பெட்ரோல் இஞ்சின் ஓடினா என்ன ஆகும்? நல்ல நுரையீரலே தாங்காது. கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ளைக்கு நானா சொல்லணும்?

— கார்பன் மோனாக்சைடு.

— பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஆளைக் கொன்னுரும்னு தெரியும். உள்ள வைக்கிறதா இருந்தா நான் விக்க மாட்டேன்.

— நான் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துறேண்ணே இதை. வாட்ஸ், டெசிபல், லிட்டர் எல்லாத்தையும் எழுதிட்டு வந்தேன். எங்கன வைக்கிறதுன்னு மட்டும் யோசிக்கலை. அப்பா சொன்னாக, சரின்னுட்டேன்.

— விடுங்க. வாசல்ல வச்சு, நீளமா ஒயர் இழுத்து உள்ள குடுத்துருவோம். உடம்புக்கு முடியாத மனுசன் விவரம் தெரியாமச் சொல்லிட்டாக. இஞ்சினைப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும், பாவம்.

— அப்பா முப்பது வருசம் ஆயில் இஞ்சின் மெக்கானிக்குண்ணே. புகை போக வழி வைக்காம எந்தத் தோட்டத்து இஞ்சின் ரூம்லயும் அவுக இஞ்சினை ஓட விட்டதே இல்லை.