சிலந்திக்குக் குளிர் அடிக்குமே

எங்கள் வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களை ஒரே நேரத்தில் திறப்பதில்லை. நீஷ் நகரத்தில் யார் வீட்டிலும் திறக்க மாட்டார்கள். குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிவிடும் என்பார்கள். பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்வதில் டாக்டர்கள்தான் முதல் ஆள்.

என் கணவர் மட்டும் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று அடிக்கடி வெளியே போவார். பத்தொன்பது வருடமாக க்ராகுயேவட்ஸ் என்ற ஊரில் ஒரு பல் டாக்டரம்மா வீட்டில் வாங்கிக்கொண்டிருக்கிறார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது. மிஞ்சியது என் மகன் ஓக்னென்.

போன ஏப்ரலில் அவன் உயரமான கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே மரப்பட்டையில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. மரத்திலேயே வாழ்கிற டாரன்டுலாவாம். கால் நுனிகள் மட்டும் இளஞ்சிவப்பு, நகப்பூச்சு போட்டதுபோல. வளர்ப்பதா வேண்டாமா என்று ஒரு மாதத்தில் முடிவு செய்யப் போகிறானாம்.

"ஒரு மாசம் இத உசுரோட வெச்சுக் காப்பாத்திட்டேன்னா, என்னையும் நானே பாத்துக்க முடியும்மா. பெல்கிரேடுல வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. இதையும் தூக்கிட்டுப் போயிடுவேன்."

அவனுக்கு முப்பத்தாறு வயது. சாக்ஸுக்கு ஜோடி சேர்க்கத் தெரியாது. இருந்தாலும் நான் மறுக்கவில்லை. தாராளமாக வளர்த்துப் பார் என்றேன். வாரம் ஒரு கரப்பான், கொஞ்சம் தண்ணீர்த் தெளிப்பு, வேறொன்றும் வேண்டாமாம். பெட்டியின் இரண்டு பக்கமும் இருந்த ஓட்டைகளைக் காட்டி, முக்கியமானது இதுதான் என்றான்.

"இது மரத்து உச்சியில இருக்கற ஜாதி. காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகணும். உள்ள புழுங்குச்சுன்னா செத்துடும்."

மறுநாள் காபிக்கு வந்த எதிர்வீட்டு ராதோய்கா ஓட்டைகளைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"அடிப்பாவி, ரெண்டு பக்கமும் தொறந்து வெச்சிருக்கியே. எட்டுக் காலும் வாதத்துல இழுத்துக்கப் போகுது."

அவள் போனதும் டேப் எடுத்து ஓட்டைகளை ஒட்டினேன். அன்றிலிருந்து ஓக்னென் வேலைக்குப் போனதும் ஒட்டுவேன், தாராளமாகத் தண்ணீர் தெளிப்பேன், அவன் திரும்புவதற்குள் உரித்துவிடுவேன். சிலந்தி மூடிக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அழகான பிராணி.

இருபத்திரண்டாம் நாள் கால்களைச் சுருட்டிக்கொண்டு கீழே கிடந்தது. அன்று ஓக்னென் சீக்கிரமே வந்துவிட்டான், டேப்பையும் பார்த்துவிட்டான். நான்தான் ஒட்டினேன் என்று சொல்லிவிட்டேன். குளிர் அடிக்குமே என்று பயந்தேன் என்றேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

"உன்னச் சொல்லிக் குத்தமில்லம்மா. இந்த ஊரே அப்படித்தான். நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்ச. நான்தான் கவனிச்சிருக்கணும். ஒரு பூச்சியையே என்னால காப்பாத்த முடியல."

பெல்கிரேடு வேலையை அன்றைக்கே வேண்டாமென்று எழுதிவிட்டான். இரவு அவனுக்குப் பிடித்த குடைமிளகாய் சமைத்தேன். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. குறுக்குக் காற்று கெடுதல் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகன் வெளியே போனதும் இரண்டு பக்க ஜன்னல்களையும் விரியத் திறந்து, குளித்த ஈரத்தலையோடு நடுவில் உட்கார்ந்துதான் காபி குடிப்பேன். முப்பது வருடத்தில் ஒரு தும்மல்கூட வந்ததில்லை. புழுங்கினால் செத்துவிடும் என்று அவன் சொன்னபோது, எத்தனை நாளில் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

இப்போது நெவேனா என்றொரு பெண்ணோடு பழகுகிறான். ஆஸ்துமாக்காரி, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் தூங்குவாளாம். கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே இருக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். தாராளமாக இருக்கட்டும், பின்பக்கத்துச் சின்ன அறையை அவளுக்காகத் தயார் செய்கிறேன் என்றேன். அந்த அறைக்கு ஒரே ஒரு ஜன்னல், அதுவும் திறக்க வராது. பிள்ளை ஆசைப்பட்டதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்றைக்குமே மனசு வந்ததில்லை.