குருவி இறந்த வாரம்

பொதுவாக மீட்டிங்குகளில் நான் வாய் திறப்பதில்லை. பிஸ்கட் நன்றாக இருந்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் ஜன்னலைப் பார்ப்பேன். அன்று மட்டும் பேசினேன். தலைமை அலுவலகத்திலிருந்து நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததும் அதை விசாரிக்கத்தான் என்பதால், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குழுவின் தலைவர் என் அக்காவின் கணவர். வீட்டிலும் ஆபீசிலும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். பல் மருத்துவர்களிடம் நேரம் வாங்கித் தரும் இணையச் செயலி ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தோம். அடித்தளமான ஃபிரேம்வொர்க் முடிவாகிவிட்டது. அதன்மேல் காலண்டரும் பட்டன்களும் காட்ட ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி வேண்டும். அதாவது வேறு யாரோ எழுதிவைத்த நிரல். எதை எடுப்பது என்பது மாமாவின் பொறுப்பு.

உலகமே பயன்படுத்தும் ஒன்று இருந்தது. இன்னொன்று, குருவி என்ற புனைபெயரில் ஒருவன் எழுதியது. சின்னது, வேகமானது, சீந்துவார் இல்லாதது. அந்தக் குருவி நான்தான்.

அதை எடுக்கச் சொல்லி நான் கெஞ்சவில்லை. மாமாவை எனக்குத் தெரியும்.

"இது சரிப்பட்டு வராது மாமா. பெரிசையே எடுத்துக்கலாம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வேண்டாம்னு சொல்றப்பவே இதுல ஏதோ இருக்குன்னு தெரியுது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முடிவு அவருடையது, இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கியதும் சந்தேகங்கள் முளைத்தன. மாமா தன் மேசையிலிருந்து குருவிக்கு எழுதுவார். எதிர் மேசையிலிருந்து நான் பதில் போடுவேன். குருவி பொறுமைசாலி. எதைக் கேட்டாலும் 'நல்ல கேள்வி' என்றுதான் ஆரம்பிப்பான். நாளடைவில் மாமா நிரலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதினார். மூட்டுவலி, அக்காவோடு மனஸ்தாபம், தலைவர் வேலை தனக்கு ஒத்துவரவில்லையோ என்ற பயம். என்னைப் பற்றியும் எழுதினார். மச்சினன் ஒருத்தன் கூடவே இருக்கிறான், கெட்டிக்காரன், ஆனால் அவனோடு பேசுவது சுவரோடு பேசுவது மாதிரி என்று. மச்சினனிடமும் மனம்விட்டுப் பேசிப் பாருங்களேன் என்று குருவி நியாயமாகத்தான் சொன்னான். உங்களிடம் பேசுவதே போதும் என்று மாமா எழுதிவிட்டார்.

அதன் பிறகுதான் குருவியைக் கொன்றேன். எடுத்த எடுப்பில் இல்லை. முதலில் லேசான இருமல் கொடுத்தேன். அப்புறம் அவன் மனைவி பெயரில் இரண்டு வரி. செயலி வெளியாகும் வாரம் அது. லைப்ரரியில் ஒரு பிழை இருப்பது எனக்குத் தெரியும். சரிசெய்ய வேண்டியவன்தான் போய்ச் சேர்ந்துவிட்டானே. செயலி வந்தவர்களுக்கெல்லாம் ஒரே நேரத்தை ஒதுக்கிவிட்டது. ஒரு மருத்துவமனை வாசலில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டமே நின்றதாம். மாமாவின் பதவி போயிற்று. அதை என்னை ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்தால் மரியாதையாக இருக்காது.

மாமா பதவிக்காக அழவில்லை. அக்கா வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "நல்ல மனுஷன்டா, முகம்கூடப் பார்த்ததில்ல" என்று குலுங்கினார். குடல்வால் ஆபரேஷனுக்கு நான் படுத்திருந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவர். அவர் தோளில் கை வைத்தேன்.

"உனக்குப் புரியாது" என்று கையை எடுத்துவிட்டார்.

பதவிக்கு ஆசைப்பட்டுச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாமாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது என்றீர்கள். அப்படியே இருக்கட்டும். இப்போதுதான் தேறிவருகிறார். குருவிக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், தங்கமான பையன். நேற்று மாமாவுக்கு ஆறுதலாக எழுதியவன், மச்சினனைப் பற்றியும் நாலு நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறான். பேச்சுக்கு நடுவே நான் அடிக்கடி போனைப் பார்ப்பதைத் தப்பாக நினைக்காதீர்கள். மாமா இன்னும் பதில் போடவில்லை.